அரசியல் கேலிச்சித்திரங்களை வரலாற்று மூலாதாரமாகப் பயன்படுத்தல்
1956 தேர்தல் காலத்து ‘மார யுத்தம்’ படத்தை அடிப்படையாகக் கொண்ட கற்கை

1. அறிமுகம்

வரலாற்று மூலாதாரங்கள் என்றதும் மகாவம்சம், கல்வெட்டுகள், நாணயங்கள், இடிபாடுகள் என்பனவே மாணவர்களின் நினைவுக்கு வருகின்றன. பண்டைய இலங்கை வரலாற்றைக் கற்பதற்கு இவை போதுமானவை. ஆனால் 19ஆம், 20ஆம் நூற்றாண்டு வரலாற்றைக் கற்கும்போது பத்திரிகைகள், துண்டுப்பிரசுரங்கள், சுவரொட்டிகள், புகைப்படங்கள், பாராளுமன்ற ஹன்சாட் அறிக்கைகள் என மூலாதாரங்களின் எண்ணிக்கை பெருகுகிறது. அவற்றுள் ஒன்றுதான் அரசியல் கேலிச்சித்திரம். இதனைக் கருத்துப்படம் எனவும் அழைப்பர்.

கேலிச்சித்திரத்தைப் பார்த்துச் சிரிப்பது எளிது. அதனைச் சான்றாகப் பயன்படுத்துவது எளிதன்று. இந்தப் பாடத்தை விளங்கிக்கொள்வதற்குப் பின்வரும் வேறுபாட்டை முதலில் மனதில் இருத்திக்கொள்ளுங்கள்.

கேலிச்சித்திரம் ‘என்ன நடந்தது’ என்பதற்கான சான்று அன்று. ‘மக்கள் எதனை நம்பவேண்டும் என வரைந்தவர் விரும்பினார்’ என்பதற்கான சான்றாகும். அத்துடன், அக்கால மக்கள் எதனைப் பார்த்தவுடன் விளங்கிக்கொண்டனர் என்பதற்கும் அது சான்றாகும்.

2. கேலிச்சித்திரத்தின் இயல்புகள்

நிகழ்வு நடைபெற்ற காலத்திலேயே வரையப்படுவதால் கேலிச்சித்திரம் முதலாம் நிலை மூலாதாரமாகக் கொள்ளப்படுகிறது. கருத்தை விரைவாக உணர்த்துவதற்கு அது சில உத்திகளைக் கையாளுகிறது.

(அ) மிகைப்படுத்தல்: ஒருவரின் மூக்கு, வயிறு, தொப்பி, மீசை போன்றவற்றைப் பெரிதாக்கிக் காட்டுதல்.

(ஆ) குறியீடு: ஒரு நாட்டை, கட்சியை, கருத்தை ஒரு விலங்காகவோ பொருளாகவோ காட்டுதல். இலங்கைப் படங்களில் யானை வந்தால் அது பெரும்பாலும் ஐக்கிய தேசியக் கட்சியைக் குறிக்கும்.

(இ) ஒப்புமை: நிகழ்கால அரசியலை மக்கள் நன்கறிந்த பழைய கதை ஒன்றுடன் பொருத்திக் காட்டுதல்.

(ஈ) முரண்: சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள இடைவெளியை வெளிப்படுத்துதல்.

பாடநூலில் கற்ற இரு நிகழ்வுகளை உதாரணமாகக் கொள்வோம். பிரான்சியப் புரட்சிக் காலத்தில், 1789இல் வெளிவந்த படம் ஒன்றில் முதிய குடியானவன் ஒருவன் மதகுருவையும் பிரபுவையும் தன் முதுகில் சுமந்து நிற்கிறான். வரிச்சுமை பெரும்பாலும் மூன்றாம் வகுப்பினர் மீதே விழுந்தது என நீங்கள் பந்தியாக எழுதும் விடயத்தை அந்தப் படம் ஒரே பார்வையில் கூறிவிடுகிறது.

மற்றையது, டேவிட் லோ என்பவர் வரைந்து 1939 செப்டெம்பர் 20ஆந் திகதி லண்டன் பத்திரிகை ஒன்றில் வெளிவந்த படமாகும். வீழ்ந்துகிடக்கும் போலந்தின் உடலுக்கு மேலாக ஹிட்லரும் ஸ்டாலினும் தொப்பியைக் கழற்றி ஒருவருக்கொருவர் மரியாதை செய்கின்றனர். 1939 ஓகஸ்ட் 23இல் செய்யப்பட்ட ஜேர்மன் – சோவியத் ஒப்பந்தத்தை அறியாத ஒருவருக்கு இந்தப் படம் விளங்காது. எனவே படத்தை வாசிப்பதற்கு முன்னர் காலப் பின்னணியை வாசித்தல் அவசியம்.

தமிழிலும் இத்துறைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1906இல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் சுப்பிரமணிய பாரதியார் அரசியல் கருத்துப்படங்களை வெளியிட்டார். இலங்கையில் ‘சுந்தர்’ என அறியப்பட்ட சிவஞானசுந்தரம் தினகரனில் ‘சவாரித்தம்பர்’ படங்களை வரைந்தார். பின்னர் 1960களில் கொழும்பில் ‘சிரித்திரன்’ சஞ்சிகையைத் தொடங்கினார். ஆங்கிலப் பத்திரிகைகளில் ஓப்ரி கொலெட் வரைந்த படங்கள் சுதந்திரத்தின் பின்னரான அரசியலைப் பதிவுசெய்தன.

3. விடய ஆய்வு: ‘மார யுத்தம்’ (1956)

3.1 காலப் பின்னணி

1956 மே மாதத்தில் புத்தர் பரிநிர்வாணமடைந்து 2500 ஆண்டுகள் நிறைவடைவதைக் குறிக்கும் புத்த ஜயந்தி கொண்டாடப்படவிருந்தது. அதற்குச் சற்று முன்னர், ஏப்ரல் 5, 7, 10 ஆகிய தினங்களில் பொதுத் தேர்தல் நடைபெற்றது. பிரதமராக இருந்தவர் சேர் ஜோன் கொத்தலாவல. புனிதமான ஆண்டில் தேர்தல் நடத்தக்கூடாது எனப் பிக்குமார் பலர் வேண்டியும் அவர் உரிய காலத்துக்கு முன்னரே தேர்தலை நடத்தத் தீர்மானித்தார்.

எதிர்த்தரப்பில் எஸ்.டபிள்யூ.ஆர்.டீ. பண்டாரநாயக்க தலைமையிலான மக்கள் ஐக்கிய முன்னணி போட்டியிட்டது. அதற்கு ஆதரவாக ஐக்கிய பிக்கு முன்னணி தீவிர பிரசாரத்தில் இறங்கியது. அம்முன்னணியின் முக்கியஸ்தர்களுள் ஒருவர் களனி ரஜமகா விகாரையின் விகாராதிபதியான மாபிட்டிகம புத்தரக்கித தேரர் ஆவார்.

இத்தேர்தலில் களனி வேறொரு வகையிலும் முக்கியம் பெறுகிறது. 1954இல் யாழ்ப்பாணம் சென்ற சேர் ஜோன், சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம அந்தஸ்து வழங்குவதாகக் கூறியிருந்தார். ஆனால் 1956 பெப்ரவரியில் களனியில் கூடிய ஐக்கிய தேசியக் கட்சி மாநாடு, சிங்களம் மட்டுமே அரச கரும மொழியாக வேண்டும் எனத் தீர்மானித்தது. இதனால் மொழி விடயத்தில் இரு பிரதான அணிகளும் ஒரே நிலைப்பாட்டுக்கு வந்துவிட்டன. இதனை நினைவில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்ப்போம்.

3.2 படத்தில் உள்ளவை

ஐக்கிய தேசியக் கட்சிக்கு எதிராகப் பரப்பப்பட்ட ‘மார யுத்தம்’ படத்தில் சேர் ஜோன் கொத்தலாவல யானை மீது அமர்ந்து, புத்தர் பெருமானை நோக்கி ஈட்டியை நீட்டுகிறார். அவரைச் சூழ மதுவருந்துவோரும் மேலைத்தேய நடனமாடுவோரும் காணப்படுகின்றனர். 2500 ஆண்டுகளுக்கு முன்னர் நடந்த போராட்டம் இன்று மீண்டும் நடக்கிறது என்பதே படத்தின் செய்தி.

3.3 குறியீடுகளை விளங்கிக்கொள்ளல்

சித்தார்த்தர் போதிமரத்தடியில் ஞானம் பெறும் வேளையில், தீமையின் உருவமான மாரன் ‘கிரிமேகலை’ என்ற யானை மீது தன் சேனையுடன் வந்து அவரைத் தாக்க முயன்று தோல்வியடைந்தான் என்பது பௌத்த மரபுக் கதை. இக்காட்சி விகாரைச் சுவரோவியங்களில் இடம்பெறும் ஒன்று. கண்டிக்கு அண்மையிலுள்ள தெகல்தொருவ விகாரையின் ஓவியத்தையும், பொரளை கோதமி விகாரையில் ஜோர்ஜ் கீற் வரைந்த ஓவியத்தையும் உதாரணமாகக் கூறலாம். வெசாக் காலத்தில் கொழும்பு வீதிகளில் அமைக்கப்படும் பந்தல்களைப் பார்த்தவர்களுக்கு, படங்கள் மூலம் சமயக் கதை கூறும் முறை புதிதன்று.

இப்போது படத்தின் உத்தி தெளிவாகிறது. மாரனின் வாகனம் யானை. ஐக்கிய தேசியக் கட்சியின் சின்னமும் யானை. மாரனின் சேனையுடன் அவனுடைய புதல்வியரும் வந்து மயக்க முயன்றனர் என்பது கதை. சேர் ஜோனின் மேலைத்தேய வாழ்க்கைமுறை பற்றி நாட்டில் பேச்சு இருந்தது. வரைந்தவர் புதிதாக எதனையும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. விகாரைக்குச் சென்று சுவரோவியம் பார்த்துப் பழகிய வாக்காளருக்கு, எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டாலும், படம் விளங்கியது. யார் மாரன் என்பதை மட்டும் மாற்றிவிட்டால் போதுமானதாக இருந்தது.

3.4 படத்தை ஏனைய மூலாதாரங்களுடன் ஒப்பிடல்

சேர் ஜோன் உண்மையில் பௌத்தத்தின் எதிரியா? இந்த வினாவுக்குப் படத்தை மட்டும் கொண்டு விடையளிக்க முடியாது. ஏனைய சான்றுகளை நோக்குவோம்.

• 1954இல் இவருடைய அரசாங்கமே புத்த ஜயந்திக் கொண்டாட்டங்களை ஒழுங்குசெய்வதற்காக ‘லங்கா பௌத்த மண்டலய’ என்ற அமைப்பை ஏற்படுத்தியது. இது படத்தின் செய்திக்கு மாறான சான்றாகும்.

• 1956 பெப்ரவரியில் பௌத்த விசாரணைக் குழுவின் அறிக்கை வெளியாகியது. அந்நியர் ஆட்சியில் பௌத்தம் இழந்த இடம் சுதந்திரத்தின் பின்னரும் மீட்கப்படவில்லை என்ற மனக்குறையை அது வெளிப்படுத்தியது. எனவே படம் வெறுமையிலிருந்து தோன்றவில்லை. உண்மையாக நிலவிய ஒரு மனக்குறையைப் பயன்படுத்திக்கொண்டது.

• அக்காலத்தில் லேக்ஹவுஸ் பத்திரிகைகள் ஐக்கிய தேசியக் கட்சியை ஆதரித்தன. ஆகவே தேர்தல் காலப் பத்திரிகைகளை மட்டும் வாசிப்பவர் எதிர்த்தரப்பின் பலத்தைக் குறைவாக மதிப்பிட்டுவிடலாம். சுவரொட்டிகளும் துண்டுப்பிரசுரங்களும் அந்தக் குறையை நிரப்புகின்றன.

இவற்றிலிருந்து பெறப்படும் முடிவு யாது? படம் சேர் ஜோனைப் பற்றிய நம்பகமான சான்று அன்று. ஆனால் 1956இல் சமய உணர்வு எவ்வாறு அரசியல் பலமாக மாற்றப்பட்டது என்பதற்கு மிகச் சிறந்த சான்று. ஒரே மூலாதாரம் ஒரு வினாவுக்குப் பலவீனமானதாகவும் இன்னொரு வினாவுக்குப் பலம் வாய்ந்ததாகவும் இருக்கலாம் என்பதை அவதானிக்குக.

3.5 படத்தில் இல்லாதது

மூலாதாரத்தில் உள்ளதைப் போலவே இல்லாததும் கவனத்துக்குரியது. 1956 தேர்தல் என்றதும் தமிழ் மாணவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மொழிப் பிரச்சினை. தேர்தலின் பின்னர், ஜூன் 5ஆந் திகதி அரச கரும மொழிச் சட்டமூலம் சமர்ப்பிக்கப்பட்டபோது, காலிமுகத்திடலில் தமிழ்த் தலைவர்கள் சத்தியாக்கிரகம் செய்தனர். அச்சட்டமூலம் 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டமாகியது. ஆயினும் ‘மார யுத்தம்’ படத்தின் மையம் மொழி அன்று, சமயமும் வாழ்க்கைமுறையுமே.

இதற்கு ஒரு விளக்கம் கூறலாம். களனி மாநாட்டின் பின்னர் ஐக்கிய தேசியக் கட்சியும் தனிச் சிங்களத்தை ஏற்றுக்கொண்டதால், மொழியை வைத்து அதனைத் தாக்குவது முன்னரைப் போல் எளிதாக இருக்கவில்லை. வேறுபாட்டைக் காட்டுவதற்குச் சமயமே வசதியான களமாகியது. தமிழ் பேசும் மக்களின் எதிர்காலத்தைத் தீர்மானித்த ஒரு விடயத்தில் இரு அணிகளிடையே விவாதமே இருக்கவில்லை என்பதை இப்படம் தன் மௌனத்தால் உணர்த்துகிறது. உரத்துப் பேசும் படமும் எதனையோ பேசாமல் விடுகிறது என்பதைத் தேர்ந்த மாணவர் கவனிப்பார்.

4. தேர்தல் முடிவும் படமும்

1952இல் 54 ஆசனங்களைப் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சி, 1956இல் 8 ஆசனங்களை மட்டுமே பெற்றது. தெரிவுசெய்யப்பட்ட 95 ஆசனங்களுள் மக்கள் ஐக்கிய முன்னணி 51 ஆசனங்களை வென்றது. களனித் தொகுதியில் ஜே.ஆர். ஜயவர்தன, ஆர்.ஜி. சேனாநாயக்கவிடம் தோல்வியுற்றார்.

‘ஆகவே படம்தான் ஐக்கிய தேசியக் கட்சியைத் தோற்கடித்தது’ என எழுதலாமா? எழுதக்கூடாது. படத்தில் நேரடியாகத் தாக்கப்பட்ட சேர் ஜோன் தமது தொடங்கஸ்லந்தத் தொகுதியில் வெற்றிபெற்றார். தோல்விக்கு வேறு காரணங்களும் இருந்தன. 1953இல் அரிசி மானியம் குறைக்கப்பட்டதும் அதனைத் தொடர்ந்து ஓகஸ்ட் 12இல் நடைபெற்ற ஹர்த்தாலும் மக்களை அதிருப்திக்குள்ளாக்கியிருந்தன. இடதுசாரிக் கட்சிகள் மக்கள் ஐக்கிய முன்னணியுடன் போட்டித் தவிர்ப்பு உடன்பாட்டைச் செய்திருந்தன. சுதேச வைத்தியர், ஆசிரியர், விவசாயி, தொழிலாளர் ஆகியோரும் பிக்குமாருடன் சேர்ந்து ஆதரவு வழங்கினர். படம் பலருடைய கண்ணில் பட்டது என்பதிலிருந்து அதனால் பலர் மனம் மாறினர் என்ற முடிவுக்கு வர முடியாது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 1959 செப்டெம்பரில் பிரதமர் பண்டாரநாயக்க சுடப்பட்டு இறந்தார். அந்தச் சதி தொடர்பில் புத்தரக்கித தேரர் குற்றவாளியாகக் காணப்பட்டார். இந்தப் பிற்காலச் செய்தியை 1956இன் படத்துக்குள் வைத்து வாசிக்கக்கூடாது. படத்தை வரைந்தவருக்கோ பார்த்தவருக்கோ அது தெரியாது. மூலாதாரத்தை அதன் காலத்தில் வைத்தே விளக்குதல் வேண்டும்.

5. கேலிச்சித்திரங்களின் பயன்களும் வரையறைகளும்

பயன்கள்:

1. உத்தியோகபூர்வ ஆவணங்களில் இடம்பெறாத கோபம், அச்சம், ஏளனம் முதலிய மக்கள் உணர்வுகளை அறிய உதவுகின்றன.
2. அக்கால மக்கள் பொதுவாக அறிந்திருந்த கதைகள், சின்னங்கள், உடை, பழக்கவழக்கங்கள் என்பவற்றை அறிய உதவுகின்றன. சிரித்திரன் போன்ற சஞ்சிகைகளின் படங்கள் சமூக வரலாற்றுக்கும் சான்றாகின்றன.
3. பிரசாரம் எவ்வாறு செய்யப்பட்டது என்பதைக் காட்டுகின்றன.
4. தலைவர்கள் பற்றிய மாற்றுக் கருத்தை வழங்குகின்றன.

வரையறைகள்:

1. பக்கச்சார்பானவை. ஒரு தரப்பின் கருத்தை மட்டும் கூறுகின்றன.
2. மிகைப்படுத்துகின்றன. காரணங்களை விளக்குவதில்லை.
3. காலம் கடந்ததும் குறியீடுகள் விளங்காமற் போகின்றன.
4. பத்திரிகை உரிமையாளரின் நிலைப்பாடும் அரசாங்கத் தணிக்கையும் எது வெளிவரலாம் என்பதைத் தீர்மானிக்கின்றன. 1958 அவசரகால நிலையின்போது பத்திரிகைத் தணிக்கை நடைமுறைப்படுத்தப்பட்டது. 1973இல் லேக்ஹவுஸ் நிறுவனம் சட்டத்தின் மூலம் அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. கேலிச்சித்திரங்களும் வரைந்துவந்த ஊடகவியலாளர் பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரி 24இல் காணாமற்போனார். எனவே ஒரு காலப்பகுதியில் ஒரு விடயம் பற்றிப் படம் இல்லையென்றால், மக்களுக்கு அதுபற்றிக் கருத்து இருக்கவில்லை என முடிவுசெய்யக்கூடாது. வரைய முடியாத நிலை இருந்ததா எனவும் கேட்க வேண்டும்.

பக்கச்சார்பு இருப்பதால் கேலிச்சித்திரம் பயனற்றது எனப் பல மாணவர்கள் எழுதுகின்றனர். இது தவறு. யாருக்குச் சார்பானது, ஏன் என்பதைக் கண்டறிந்தவுடன் அந்தப் பக்கச்சார்பே சான்றாகிவிடுகிறது.

6. படத்தை அணுகும் ஒழுங்கு

பரீட்சையில் படம் ஒன்று தரப்பட்டால் பின்வரும் ஒழுங்கில் சிந்தியுங்கள்.

படி 1 – பார்த்தல்: படத்தில் உள்ள ஆட்கள், பொருட்கள், எழுத்துகள் எவை? (விளக்கம் கூற வேண்டாம், கண்டதை மட்டும் குறியுங்கள்.)
படி 2 – இனங்காணல்: ஒவ்வொரு குறியீடும் எதனைக் குறிக்கிறது?
படி 3 – காலம்: எப்போது, எந்நிகழ்வையொட்டி வெளிவந்தது?
படி 4 – நோக்கம்: யார், யாருக்காக வெளியிட்டனர்? பார்ப்பவர் என்ன செய்யவேண்டும் என எதிர்பார்த்தனர்?
படி 5 – ஒப்பிடல்: ஏனைய மூலாதாரங்கள் இதனை உறுதிப்படுத்துகின்றனவா, மறுக்கின்றனவா?
படி 6 – மௌனம்: படத்தில் எது விடப்பட்டுள்ளது?

7. மாதிரி வினாவும் விடையும்

வினா: ‘1956 பொதுத் தேர்தலைக் கற்பதற்கு மார யுத்தம் கேலிச்சித்திரம் பயனுள்ள மூலாதாரமாகும்.’ இக்கூற்றை ஆராய்க.

குறைந்த புள்ளி பெறும் விடை: ‘இப்படம் சேர் ஜோன் பௌத்தத்துக்கு எதிரானவர் என்பதைக் காட்டுகிறது. இதனால் அவருடைய கட்சி தோற்றது. ஆகவே இது பயனுள்ளது.’

இவ்விடையின் குறை: படத்தின் குற்றச்சாட்டை உண்மையாகவே ஏற்றுக்கொண்டுள்ளது. தோல்விக்கு ஒரு காரணத்தை மட்டும் கூறுகிறது. வேறு சான்றுகளுடன் ஒப்பிடவில்லை.

கூடிய புள்ளி பெறும் விடை: ‘இப்படம் ஐக்கிய தேசியக் கட்சியின் எதிர்த்தரப்பால் பரப்பப்பட்ட பிரசாரமாகும். எனவே சேர் ஜோனின் சமயக் கொள்கை பற்றிய நம்பகமான சான்றாக இதனைக் கொள்ள முடியாது. அவருடைய அரசாங்கமே 1954இல் லங்கா பௌத்த மண்டலயவை அமைத்தது. எனினும், விகாரைச் சுவரோவிய மரபையும் கட்சிச் சின்னமான யானையையும் இணைத்து, சாதாரண வாக்காளருக்கு விளங்கும் வகையில் சமய உணர்வு அரசியலில் பயன்படுத்தப்பட்டதை இது சிறப்பாகக் காட்டுகிறது. இதனை 1956 பெப்ரவரியில் வெளிவந்த பௌத்த விசாரணைக் குழுவின் அறிக்கையுடன் ஒப்பிடும்போது, அக்கால மனக்குறையின் பின்னணி தெளிவாகிறது. மொழிப் பிரச்சினை, அரிசி விலை, போட்டித் தவிர்ப்பு உடன்பாடு போன்றவற்றை இப்படம் வெளிப்படுத்துவதில்லை. ஆகவே ஏனைய மூலாதாரங்களுடன் சேர்த்துப் பயன்படுத்தும்போதே இது பயனுள்ளதாகும்.’

8. பயிற்சி

1. டேவிட் லோவின் 1939ஆம் ஆண்டுப் படத்தைப் பிரிவு 6இல் தரப்பட்ட ஆறு படிகளின்படி ஆராய்க. 1941 ஜூனில் ஜேர்மனி சோவியத் ஒன்றியத்தின் மீது படையெடுத்தது என்பதை எந்தப் படியில் பயன்படுத்தலாம், எந்தப் படியில் பயன்படுத்தக்கூடாது என விளக்குக.

2. 1789ஆம் ஆண்டுப் பிரான்சியப் படம், ‘மார யுத்தம்’ ஆகிய இரண்டிலும் கையாளப்பட்ட உத்திகளை ஒப்பிடுக.

3. இந்த வாரப் பத்திரிகையிலிருந்து ஒரு கேலிச்சித்திரத்தை வெட்டி உங்கள் குறிப்புப் புத்தகத்தில் ஒட்டுக. ஐம்பது ஆண்டுகளின் பின்னர் அதனைப் பார்க்கும் மாணவர் ஒருவருக்கு விளங்கக்கூடியவாறு பத்து வரிகளில் குறிப்பு எழுதுக. பின்னர், அந்தப் படத்தை நீங்கள் முதலில் பார்த்தபோது அதன் கருத்தை ஆராயாமலே ஏற்றுக்கொண்டீர்களா எனச் சிந்தித்து, விடையை ஒரு வரியில் எழுதுக. 1956இல் ‘மார யுத்தம்’ படத்தைப் பார்த்த வாக்காளரின் நிலையை விளங்கிக்கொள்வதற்கு அந்த ஒரு வரி உங்களுக்கு உதவும்.